தரை ஓடு கணக்கீடு
தரை ஓடு கணக்கீடு என்பது அறையின் பரப்பைக் கொண்டு, பதிக்க வேண்டிய ஓடுகளின் (டைல்ஸ்) எண்ணிக்கையைக் காணும் முறை. திருப்பூர் வட்டாரத்தில் லைன் வீடானாலும் (வரிசை வீடு) பனியன் கம்பெனி அலுவலகமானாலும் அறையை அளப்பது அடிக் கணக்கில். ஓடு வருவதோ மில்லிமீட்டர் அளவில். 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி.

பரப்பு: ‘இரண்டுக்கு இரண்டு’ என விற்கப்படும் ஓடு பெரும்பாலும் 600 × 600 மி.மீ. அளவினது. 2 அடி என்பது 609.6 மி.மீ. ஆதலால், ஓர் ஓட்டின் பரப்பு 4 சதுர அடி அன்று, 3.875 சதுர அடியே. 12 × 10 அடி அறைக்கு 30 ஓடுகள் வாங்கினால் 116.25 சதுர அடிதான் நிரம்பும், 31 தேவை.

சுவரோரப் பட்டை: இந்த அறையின் சுற்றளவு 44 அடி. 3 அடிக் கதவைக் கழித்தால் 41 அடி. 4 அங்குல உயரப் பட்டைக்கு ஓர் ஓட்டில் 5 துண்டு வீதம் வெட்டினால் 5 ஓடுகள் வேண்டும்.

சேதாரம்: நேர்ப் பதிப்புக்கு 5 முதல் 10 விழுக்காடும், மூலைவாட்டுப் பதிப்புக்குச் சுமார் 15 விழுக்காடும் கூட்டுவர். தரைக்கு 31, பட்டைக்கு 5 என ஆகும் 36 ஓடுகளுடன் 10 விழுக்காடு சேர்த்தால் 40; பெட்டிக்கு நான்கு வீதம் 10 பெட்டிகள்.

சாயத் துணியைப் போலவே ஓட்டிலும் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் நிறம் சற்று மாறும். ஆகவே முழுத் தேவையையும் ஒரே லாட்டில் வாங்குவது நல்லது.