திண்டுக்கல் சமவெளியில் நிலவரியும் வாக்குரிமையும்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. கம்பெனியை எதிர்த்துப் பாளையக்காரர்களைத் திரட்டிய விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். பாளையங்களின் படைபலம் அத்துடன் ஒடுங்கியது.

எஞ்சியது வரிக் கணக்கு. முதலில் ஜமீன்களாகப் பிரித்து நிலையான வரிக்கு விட்டுப் பார்த்தனர். நிலுவை பெருகி அம்முறை தோற்றது. பின்னர் கிராமக் குத்தகை வந்தது. தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராக இருந்த 1820களில் ரயத்வாரி முறை வேரூன்றியது. உழவர் பெயருக்கே பட்டா. அரசுக்கும் அவருக்கும் இடையே ஜமீன்தார் இல்லை. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் வரி முடிவானது. (தாலுகா அலுவலகங்களில் அச்சொல் இன்றும் வழங்குகிறது.) ஆனால் வரியைப் பணமாகக் கட்ட வேண்டும். வானம் பார்த்த பூமியில் விளைந்ததை உடனே விற்க வேண்டியிருந்தது, இல்லையேல் கடன்தான். வரி விகிதத்தைப் பற்றிப் பட்டாதாரர் மனு கொடுக்கலாம், வாக்களிக்க முடியாது.

அதே காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வாக்களிக்கச் சொத்து வேண்டும் என்ற விதி நீங்கிவந்தது. 1828இல் ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வுரிமையும் பெரும்பாலும் வெள்ளை ஆண்களுக்கே. தென் மாநிலப் பருத்தி வயல்களில் கறுப்பினத்தவர் அடிமைகளாக உழைத்தனர்.

திண்டுக்கல்லில் நகராட்சி 1866இல் அமைந்தது. 1920இல் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் வந்தபோதும் சொத்தும் வரியுமே வாக்குக்குத் தகுதி. பட்டாவில் பெயரே இல்லாத பண்ணையாள் 1951-52 பொதுத் தேர்தலில்தான் வாக்குச்சாவடிக்குள் நுழைந்தார்.