கிரேட் டிக்ஸ்டர்: ஓர் இடைக்கால மரச்சட்டக மாளிகை

இங்கிலாந்தின் கிழக்குச் சசெக்ஸ் பகுதியில், நார்த்தியம் என்னும் ஊரில் அமைந்துள்ளது கிரேட் டிக்ஸ்டர். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட இம்மாளிகை, அந்நாட்டில் எஞ்சியுள்ள மரச்சட்டகப் பெருங்கூடங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்றைக் கொண்டது. இடைக்கால இங்கிலாந்தில் ஒரு நிலக்கிழாரின் நிலத்தொகுதி ‘மேனர்’ எனப்பட்டது. அதன் தலைமை வீடே மேனர் மாளிகை. குத்தகை, வழக்கு, விருந்து ஆகிய மூன்றும் அங்கேதான் நடந்தன.

சட்டகம்

கல் வீட்டில் கூரையைச் சுவர் தாங்குகிறது. மரச்சட்டக வீட்டிலோ தூண்களும் உத்தரங்களும் விட்டங்களும் சேர்ந்த எலும்புக்கூடே பாரம் முழுவதையும் தாங்குகிறது. சுவர் இடைவெளியை அடைக்க மட்டுமே பயன்படுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், இம்மாளிகையின் வரலாறு முழுவதும் எளிதில் விளங்கும்.

முதன்மையான மரம் ஓக். காய்ந்த ஓக் மிகக் கடினமானது என்பதால், வெட்டிய சிறிது காலத்துக்குள் ஈரம் உலராத நிலையிலேயே தச்சர்கள் அதை இழைத்தனர். ஒரு மரத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, மற்றொன்றில் வெட்டிய குழிக்குள் செருகி, குறுக்கே ஓக் ஆணி அடித்தனர். நாக்கில் இட்ட ஆணித்துளையும் குழியின் பக்கத்தில் இட்ட துளையும் சரிநேராக இராமல் சற்றே விலகியிருக்கும். ஆணி இறங்க இறங்க அந்த விலகலே மூட்டை இழுத்து இறுக்கிவிடும். இம்மூட்டுகளுக்கு இரும்பு தேவைப்படவில்லை.

சட்டகத்தை முதலில் தச்சுக்களத்தில், தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மூட்டிலும் ரோமானிய எண்களைப் போன்ற கீறல் அடையாளங்களை இடுவார்கள். பிறகு கழற்றி, வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுசென்று, எண் பார்த்து மீண்டும் நிறுத்துவார்கள். ஆறு நூற்றாண்டுகள் கடந்தும் பல வீடுகளில் இக்கீறல்களைக் காணலாம்.

தூண்களுக்கு இடைப்பட்ட வெளியில் விளார்களைத் தட்டி போலப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினர். நம் ஊர் மண்சுவரை அறிந்தவர்களுக்கு இக்கலவை புதியதன்று.

பெருங்கூடம்

மாளிகையின் நடுப்பகுதி, தரையிலிருந்து கூரை முகடு வரை தடையின்றித் திறந்த பெருங்கூடம். கிழார், குடும்பத்தார், ஏவலர், விருந்தினர் அனைவரும் இங்கே ஒன்றாக உண்டனர். ஆனால் அமரும் இடம் தகுதியைக் காட்டியது. கூடத்தின் மேல்முனையில் கிழாரின் மேசை. அதற்கு அப்பால் குடும்பத்தாரின் தனியறைகள். கீழ்முனையில் நுழைவாயிலும், உணவும் பானமும் வைக்கும் அறைகளும்.

அக்காலத்துத் திறந்த கூடங்களில் புகைபோக்கி கிடையாது. தரை நடுவே அடுப்பு எரியும். புகை மேலெழுந்து கூரை வழியே வெளியேறும். அதனால் படிந்த கரி இன்றும் பல வீடுகளின் கைமரங்களில் ஒட்டியிருக்கிறது. ஒரு வீட்டின் மேல்மாடி பிற்காலச் சேர்க்கையா என்று அறிய ஆய்வாளர்கள் முதலில் தேடுவது இக்கரியைத்தான்.

கிரேட் டிக்ஸ்டரின் கூரையில் ஒரு சிறப்பு உண்டு. சுவருக்குச் சுவர் நீளும் குறுக்கு விட்டமும், சுவரிலிருந்து சிறிது தூரம் மட்டும் நீண்டு நிற்கும் சுத்தியல் விட்டமும் இங்கு ஒரே கூரையில் அமைந்துள்ளன. முன்னது உறுதியானது; பின்னது நடுவே வெளியைத் திறந்துவிட்டுக் கூடத்தின் உயரத்தைக் காட்டுவது.

கூடம் மறைந்ததும் மீண்டதும்

16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி பரவியது. புகை தனி வழியில் சென்றதால் கூடத்தின் நடுவே மாடி அமைக்க முடிந்தது. வசதியுள்ளோர் தனியறைகளை விரும்பியதால், எல்லோரும் சேர்ந்துண்ட பழைய கூடத்தின் தேவையும் குறைந்தது. பல மாளிகைகளைப் போலவே இங்கும் கூடத்தைத் தளமிட்டுப் பிரித்தனர். சட்டகம் பாரம் தாங்கியதால், உள்ளே எதை மாற்றினாலும் வீடு நின்றது.

1910ஆம் ஆண்டு நதானியல் லாயிட் இம்மாளிகையை வாங்கினார். சீரமைப்புப் பணியை எட்வின் லட்யன்ஸிடம் ஒப்படைத்தார். பின்னாளில் புதுதில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்தவர் இவரே. லட்யன்ஸ் இடைச்செருகல் தளங்களை அகற்றி, கூடத்தை மீண்டும் முகடு வரை திறந்தார். கென்ட் மாவட்டத்தின் பெனண்டன் ஊரில் கைவிடப்படும் நிலையில் இருந்த மற்றொரு மரச்சட்டக வீட்டைப் பிரித்தெடுத்து, இங்கே கொண்டுவந்து, மாளிகையுடன் இணைத்தார். இடைக்காலத் தச்சர் களத்தில் செய்ததை அவர் மறுபடி செய்தார் எனலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தளங்களை அகற்றியபோது இடைக்காலக் கூடம் வெளிப்பட்டது. அதற்குப் பின் அவ்வீட்டில் வாழ்ந்த பல தலைமுறைகளின் தடயம் அழிந்தது. வில்லியம் மோரிஸ் முதலானோர் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழையதைப் பழுது பார்க்கலாம், ஆனால் ஒரு காலத்தின் தோற்றத்துக்குத் திருப்ப முயலக் கூடாது என்றது. அவ்வாறே விட்டிருந்தால் இன்று நாம் அக்கூடத்தின் முழு உயரத்தையும் கண்டிருக்க மாட்டோம். இரண்டு வாதங்களிலும் நியாயம் உண்டு. பழங்கட்டடத்தைப் புதுப்பிக்க முனைவோர், எந்தக் காலத்தை வைத்துக்கொள்கிறோம், எதை இழக்கிறோம் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்து, அகற்றுவதைப் பதிவும் செய்துவிட வேண்டும். அகற்றியதை மீண்டும் பார்க்க அப்பதிவு ஒன்றே வழி.

கிரேட் டிக்ஸ்டர் இன்று ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. பொதுமக்கள் பெருங்கூடத்தையும், நதானியலின் மகன் கிறிஸ்டோபர் லாயிட் வளர்த்துப் புகழ்பெறச் செய்த தோட்டத்தையும் பார்வையிடலாம்.