சாட்சியின் நம்பகத்தன்மையை எந்த அளவுகோலால் அளப்பது? கண்ணகி – முருகேசன் வழக்கை முன்வைத்து

சாதிய வன்கொடுமை வழக்குகளைப் பற்றிய நமது கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: “சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்களே, இனி இந்த வழக்கு நிற்குமா?” இக்கேள்விக்குள் மூன்று அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. பிறழ்ந்த சாட்சியின் கூற்று முழுவதும் செல்லாததாகிவிடும் என்பது முதலாவது. மீதமிருக்கும் உறவினர்களின் சாட்சியத்துக்கு எடை குறைவு என்பது இரண்டாவது. காவல்துறையின் பதிவோடு முரண்படும் சாட்சி பொய் சொல்கிறார் என்பது மூன்றாவது. மூன்றுமே சட்டப்படி தவறானவை. கண்ணகி – முருகேசன் கொலை வழக்கில் 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியிருக்கிறது. செயற்பாட்டாளர்களும் சட்டம் பயிலும் மாணவர்களும் அறிந்திருக்கவேண்டிய அடிப்படைகளை அவ்வழக்கின் வழியாக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வழக்கின் சுருக்கம்

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசன், பட்டியல் சாதியில் பிறந்த வேதிப் பொறியியல் பட்டதாரி. அதே ஊரின் வன்னியர் சமூகத்தில் பிறந்த கண்ணகி, வணிகவியல் பட்டதாரி. இருவரும் 2003 மே 5 அன்று பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். ஜூலை 8 அன்று ஊரார் பலரும் பார்த்திருக்க இருவருக்கும் நஞ்சு புகட்டப்பட்டது, உடல்கள் எரிக்கப்பட்டன. முதல் தகவல் அறிக்கை பதிவானதோ ஜூலை 17 அன்றுதான். அதிலும் கண்ணகியின் தரப்பினரோடு பட்டியல் சாதியினரையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது உள்ளூர்க் காவல்துறை. பறிகொடுத்தவர்களே குற்றவாளிகளாக்கப்பட்டனர்.

2004இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2021 செப்டம்பரில்தான் வந்தது. கண்ணகியின் அண்ணனுக்கு மரண தண்டனையும், காவல் அதிகாரிகள் இருவர் உள்ளிட்ட ஏனையோருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. 2022 ஜூனில் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. குற்றவாளிகளின் மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் 2025இல் தள்ளுபடி செய்தது. முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

கொலைக்கும் முதல் தீர்ப்புக்கும் இடையே 18 ஆண்டுகள். இந்தக் காலத்தில் அரசுத் தரப்புச் சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். ஊரே பார்த்த கொலைக்கு நீதிமன்றத்தில் வாய் திறந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் முக்கியமானவர் முருகேசனின் சிற்றன்னை. வாதம் முழுவதும் அவரைப் போன்றோரின் நம்பகத்தன்மையைச் சுற்றியே நடந்தது.

முதல் அனுமானம்: பிறழ் சாட்சியின் கூற்று செல்லாது

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் ‘பிறழ் சாட்சி’ என்ற சொல்லே இல்லை. தன் தரப்பு அழைத்த சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கோரலாம் என்று மட்டுமே அதன் 154ஆம் பிரிவு கூறியது. அதே விதி இன்று பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 157ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காக அச்சாட்சியின் கூற்று ஆவணத்திலிருந்து அழிந்துவிடாது என்று 1976இல் பகவான் சிங், சத்பால் ஆகிய இரு வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஒரு பகுதி பொய்யானால் முழுவதும் பொய் என்ற கோட்பாட்டை இந்திய நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. பிற சான்றுகளோடு பொருந்தும் பகுதியை எடுத்துக்கொண்டு எஞ்சியதை விலக்குவதே நீதிபதியின் வேலை. பிறழ்ந்த ஒருவர் கொலையைப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அன்று ஊரில் கூட்டம் கூடியதை ஒப்புக்கொண்டிருந்தால், அந்த ஒப்புதல் மற்றொரு சாட்சியின் கூற்றுக்கு வலுச் சேர்க்கும்.

2015 ஜூன் மாதம் திருச்செங்கோட்டில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் வழக்கு இதற்கு அடுத்த படி. அவருடன் கோயிலுக்குச் சென்ற தோழி நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் அளித்திருந்தும் விசாரணையில் பிறழ்ந்தார். உயர் நீதிமன்றம் அவரை நேரில் அழைத்துக் கோயிலின் சிசிடிவி காட்சியைக் காட்டியபோதும், அதில் இருப்பது தாம் அல்ல என்றார். ஆயினும் சிசிடிவி பதிவும் ஏனைய சந்தர்ப்பச் சாட்சியங்களும் நின்றன. முதன்மைக் குற்றவாளி யுவராஜின் தண்டனையை 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. நடுவர் முன் அளிக்கும் வாக்குமூலம் தன்னளவில் முழுச் சான்று ஆகாது; நீதிமன்றத்தில் சொல்வதற்கு வலுச் சேர்க்கவோ, அதை மறுக்கவோ மட்டுமே பயன்படும் என்பதையும் இவ்வழக்கு நினைவூட்டுகிறது.

இரண்டாம் அனுமானம்: உறவினரின் சாட்சியத்துக்கு எடை குறைவு

வன்கொடுமை வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான். ஆனால் 1953ஆம் ஆண்டின் தலிப் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்துவிட்டது: உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு நிரபராதியைச் சிக்கவைக்க நெருங்கிய உறவினர் எளிதில் முன்வரமாட்டார். உறவினர் வேறு, வழக்கின் முடிவால் ஆதாயம் பெறும் சாட்சி வேறு. சிற்றன்னையின் சாட்சியத்தை ஏற்றபோது உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டையே வலியுறுத்தியது.

சாட்சிகளின் எண்ணிக்கையும் தடையல்ல. முத்துப்பேட்டைத் தேநீர்க் கடைக் கொலை தொடர்பான வடிவேலு தேவர் வழக்கில் (1957), கொலையுண்டவரின் மனைவியின் சாட்சியத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூவகையாகப் பிரித்தது: முழுவதும் நம்பத்தக்கவர், முழுவதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர். முதல் வகையினர் ஒருவரே போதும். மூன்றாம் வகையினருக்குத்தான் துணைச் சான்று தேடவேண்டும். முதலிரண்டு வகைகளில் நீதிமன்றத்துக்குச் சிக்கலில்லை. உண்மையான வாதம் நிகழும் இடம் மூன்றாம் வகையே.

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏழைகளின் சாட்சியம் தள்ளப்பட்டதற்குக் கீழ்வெண்மணியை விடப் பெரிய எடுத்துக்காட்டு தேவையில்லை. 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. செல்வந்தர்களான நிலக்கிழார்கள் தாமே நேரில் வந்து இச்செயலைச் செய்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்பது அத்தீர்ப்பில் இடம்பெற்ற கருத்து. அங்கே சாட்சியின் சொல்லோடு ஒப்பிடப்பட்டது மற்றொரு சான்று அல்ல. குற்றம் சாட்டப்பட்டவரின் சமூக மதிப்பு.

மூன்றாம் அனுமானம்: பதிவோடு முரண்பட்டால் பொய்

நமது பார்வையில் இதுவே விவாதத்தின் மையம். ஒரு சாட்சி முரண்படுகிறார் என்று சொல்லும்போது, எதனோடு முரண்படுகிறார் என்று கேட்கவேண்டும். பெரும்பாலும் காவல் அதிகாரி எழுதிய விசாரணை வாக்குமூலத்தோடு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவு. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180ஆம் பிரிவு. அந்த வாக்குமூலத்தில் சாட்சி கையொப்பம் இடுவதில்லை, இடவைக்கவும் கூடாது. அதிகாரி கேட்டதை, அதிகாரியின் சொற்களில், அதிகாரி எழுதுகிறார். ஆண்டுகள் கழிந்து கூண்டில் ஏறும் சாட்சியிடம், “இதை நீங்கள் அன்று காவல்துறையிடம் சொல்லவில்லையே” என்று வழக்கறிஞர் கேட்கிறார். அவர் சொன்னார், அதிகாரி எழுதவில்லை என்பதற்குச் சாட்சியிடம் எந்தச் சான்றும் இருப்பதில்லை.

புதுக்கூரைப்பேட்டை வழக்கில் அந்தத் தொடக்கப் பதிவை உருவாக்கிய அதிகாரிகளே குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகியிருக்கிறது. அளவுகோலே வளைந்திருந்தால், அதனால் அளந்து ஒரு சிற்றன்னையைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. தாமதமும் அவ்வாறே. முதல் தகவல் அறிக்கை 9 நாள் தாமதமானதற்குக் காரணம் பாதிக்கப்பட்டோரின் தயக்கம் என்று எழுதுவது எளிது. பதிவு செய்யவேண்டிய கடமை யாருடையது என்பதை அது மறைத்துவிடும்.

நினைவின் இயல்பையும் சேர்த்துக் கொள்ளவேண்டும். பர்வாடா வழக்கில் (1983) உச்ச நீதிமன்றம் கூறியவாறு, சாட்சியின் மனம் ஒளிப்படக் கருவியன்று. நேரம், தொலைவு, யார் முதலில் நின்றார் என்பன போன்ற விவரங்கள் குழம்பலாம். வழக்கின் அடித்தளத்தை அசைக்காத முரண்பாடு சாட்சியத்தை வீழ்த்தாது. அச்சுப்போல மாறாமல் ஒப்பிக்கும் சாட்சியத்தின் மீதுதான் ஐயம் எழவேண்டும்.

எதிர்வாதத்தில் உள்ள நியாயம்

இங்கே நாம் நேர்மையாக இருக்கவேண்டும். கூட்டமாக நிகழ்ந்த குற்றங்களில், பகைமையின் காரணமாகத் தொடர்பில்லாதவர்களின் பெயர்களும் சேர்க்கப்படலாம் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. மசால்டி வழக்கில் (1964) உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி கூறியது: ஒரு தரப்பைச் சேர்ந்தவர் என்பதற்காக மட்டும் சாட்சியைத் தள்ளக்கூடாது, ஆனால் குற்றம் சாட்டப்பட்டோர் பலராக இருக்கையில், ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகள் ஒத்துரைப்பதைப் பார்ப்பது விவேகம்.

இந்த விவேகத்தை நாம் எதிர்க்கவேண்டியதில்லை. புதுக்கூரைப்பேட்டையில் பொய்யாகக் குற்றம் சுமத்தப்பட்டோரில் பட்டியல் சாதியினரும் இருந்தனர். சாட்சியத்தைக் கடுமையாகச் சோதிக்கும் விதி அவர்களையும் காக்கும் விதியே. நாம் கேட்பது அளவுகோலைத் தளர்த்துமாறு அன்று. ஒரே அளவுகோலை, குற்றம் சாட்டப்பட்டவரின் சாதியையும் சாட்சியின் சாதியையும் பாராமல், காவல்துறையின் பதிவின் மீதும் பயன்படுத்துமாறு.

கும்மிடிப்பூண்டியில் ஒரு சாட்சி

இதுவரை கண்டவை தென்னாற்காட்டிலும் கொங்கிலும் தஞ்சைப் பகுதியிலும் நிகழ்ந்தவை. சென்னையை ஒட்டிய தொழில் மாவட்டமான திருவள்ளூருக்கு இவை பொருந்தாதவை என்று எண்ணக்கூடாது. கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் 2020 ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்கே இந்நிலை எனில், அதே ஊரில் கொலைக்குச் சாட்சி சொல்ல ஒரு கூலித் தொழிலாளி முன்வருவது எத்தகைய துணிவு என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளில் பணிபுரிவோர் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பொன்னேரிக்கோ திருவள்ளூருக்கோ ஒருமுறை நீதிமன்றம் சென்றால் ஒருநாள் கூலி போய்விடும். வாய்தா தள்ளிப்போனால் மீண்டும் ஒருநாள். பீகார், ஒடிசா மாநிலத் தொழிலாளி வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் வேறு ஊருக்கே சென்றிருப்பார். சாட்சி பிறழ்வதற்கு எப்போதும் கத்தி காட்டவேண்டியதில்லை. கூலி இழப்பும் காலத் தாமதமும் ஒப்பந்தக்காரரின் ஒரு சொல்லும் போதும்.

உடனடியாகச் செய்யவேண்டியவை

முதலாவது, சுதந்திரமான தொடக்கப் பதிவு. புகாரைக் கையெழுத்திட்ட எழுத்துவடிவில் அளித்து ஒப்புகை பெறவேண்டும். நிலைய அதிகாரி மறுத்தால், சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதற்கும் பயனில்லையெனில் நடுவரை அணுகலாம். வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்யவேண்டும்.

இரண்டாவது, நடுவர் முன் வாக்குமூலம். 10 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறை, ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றங்களில், காவல்துறை அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது 183ஆம் பிரிவு. அழைத்துச் செல்லுமாறு புலனாய்வு அதிகாரியிடம் எழுத்தில் கோரவேண்டும். பிறமொழித் தொழிலாளிக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவேண்டும்.

மூன்றாவது, மின்னணுச் சான்று. ஆலை வாயிலின், கடையின் சிசிடிவி பதிவுகள் விரைவில் அழிந்துவிடும். அவற்றைக் கைப்பற்றுமாறு முதல் நாளிலேயே எழுத்தில் கோரவேண்டும். சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இணைக்கப்படுவதையும் உறுதிசெய்யவேண்டும்.

நான்காவது, பாதுகாப்பும் செலவும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவு, சாட்சிக்குப் பாதுகாப்பு, பயணச் செலவு, வாழ்க்கைப் பராமரிப்பு, தேவைப்பட்டால் இடமாற்றம் ஆகியவற்றை உரிமையாக்குகிறது. நீதிமன்ற நடவடிக்கைகளைக் காணொளியில் பதிவு செய்யவும் கூறுகிறது. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அச்சுறுத்தல் பற்றிய காவல்துறை அறிக்கை 5 வேலை நாட்களில் அளிக்கப்படவேண்டும்.

ஐந்தாவது, வாய்தாக்களைக் கண்காணிப்பது. முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் இடையில் நீண்ட இடைவெளி விடுவதை வினோத் குமார் வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அந்த இடைவெளியில்தான் சாட்சிகள் வளைக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு வாய்தாவிலும் சாட்சியோடு ஒருவர் உடன் செல்லும் ஏற்பாட்டை அமைப்புகளும் மாணவர் குழுக்களும் செய்யவேண்டும். அவர் சாட்சிக்கு எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, உடனிருந்தால் போதும்.

முருகேசனின் குடும்பம் 2003இலிருந்து 2025 வரை ஒரே உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. இறுதியில் அவர்கள் நம்பப்பட்டார்கள். அதற்கு 22 ஆண்டுகள் ஆனதென்பதுதான் அடுத்த வழக்கில் நாம் மாற்றவேண்டியது.