கேபிள்கள் சொன்ன சாட்சி

1929 நவம்பர் 18, திங்கட்கிழமை. நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் இடையே தந்திகள் ஓயாமல் பறந்துகொண்டிருந்தன. நியூஃபவுண்ட்லாந்துக் கடிகாரங்களில் மாலை 5 மணி 2 நிமிடம் ஆனபோது, கிராண்ட் பேங்க்ஸ் மீன்பிடித் திட்டுக்குத் தெற்கே கடலடியில் கிடந்த பல தந்தி கேபிள்கள் ஒரே சமயத்தில் அறுந்தன.

நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்குத் தெற்கே சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில், கண்டத் திட்டு முடிந்து ஆழ்கடலுக்குள் இறங்கும் சரிவில், 7.2 அளவில் நிலம் அதிர்ந்திருந்தது. அதிர்வை நியூயார்க்கிலும் மான்ட்ரியாலிலும்கூட உணர்ந்தார்கள். அருகே இருந்த புரின் தீபகற்பத்தின் மீனவக் கிராமங்களில் பாத்திரங்கள் உருண்டன, சுவர்கள் ஆடின, ஜனங்கள் தெருவுக்கு வந்து பேசிக்கொண்டார்கள். பெரிய சேதம் எதுவும் இல்லை. காற்றில்லாத, அமைதியான மாலை. எல்லோரும் வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

இரண்டரை மணி நேரம் கழித்துத் துறைமுகத் தண்ணீர் வற்றி, அடித்தரை தெரிந்தது. பிறகு அடுத்தடுத்து மூன்று அலைகள். உள்ளே போகப் போகக் குறுகும் குடாக்களில் தண்ணீர் 13 மீட்டர் உயரம்வரை ஏறியது. வீடுகள் அடித்தளத்திலிருந்து பெயர்ந்து மிதந்தன. லார்ட்ஸ் கோவ் என்ற கிராமத்தில் ஒரு தாயும் அவளுடைய மூன்று பிள்ளைகளும் வீட்டோடு அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். உயர நாற்காலியில் உட்காரவைத்திருந்த சிறு குழந்தை மட்டும் பிழைத்தது. கரையோரம் எங்கும் படகுகளும், மீன் உலர்த்தும் பரண்களும், குளிர்காலத்துக்குச் சேர்த்த மளிகையும் போயின. மாண்டவர்கள் 27 பேர்; பின்னாளில் இறந்த ஒருவரையும் சேர்த்து 28 என்று எழுதுவாரும் உண்டு.

அந்தச் செய்தி மூன்று நாள் வெளியே போகவில்லை. தீபகற்பத்தின் தந்திக் கம்பியைச் சில நாள் முன்பு வந்த புயலே அறுத்திருந்தது. வழக்கமான பயணமாக 21ஆம் தேதி புரினுக்கு வந்த போர்ஷியா கப்பலில் வயர்லெஸ் இருந்தது. அதிலிருந்து போன செய்தியைக் கேட்ட பிறகுதான் தலைநகர் செயின்ட் ஜான்ஸிலிருந்து மருத்துவர்களும் செவிலியர்களும் ஏறிய மீகிள் கப்பல் புறப்பட்டது. இடையில் பனிப்புயல் வேறு. வீடிழந்தவர்கள் அதில் பட்ட பாட்டை விவரிக்க வேண்டியதில்லை.

அறுந்த கேபிள்களுக்குத் திரும்புவோம். மொத்தம் 12 கேபிள்கள், இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் அறுந்திருந்தன. தந்தி ஓடிக்கொண்டிருக்கும் கேபிள் அறுந்தால் எழுத்து நின்ற நிமிடம் அலுவலகப் பதிவில் இருக்கும். கரையிலிருந்து மின்தடையை அளந்து எத்தனையாவது மைலில் அறுந்தது என்றும் கணக்கிட்டுவிடுவார்கள். பழுதுபார்க்கும் கப்பலை அனுப்புவதற்காகக் கம்பெனிகள் எழுதிவைத்த குறிப்புகள்தான் இவை. ஆனால் அவற்றில் ஒரு புதிர் இருந்தது. நிலநடுக்க மையத்துக்கு அருகே இருந்தவை உடனே அறுந்தன. தெற்கே ஆழத்தில் கிடந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக, வடக்கிலிருந்து தெற்காக வரிசைப்படி அறுந்தன. கடைசிக் கேபிள் அறுந்தது நிலநடுக்கத்துக்கு 13 மணி 17 நிமிடம் கழித்து!

நில அதிர்வு அந்தத் தூரத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். பிளவு ஒன்றின் ஓரமாகக் கடலடி இறங்கியது என்றார்கள் சில புவியியலாளர்கள். அப்படியானால் இந்த வரிசை எப்படி வந்தது?

விடை கிடைக்க 23 ஆண்டுகள் ஆயின. 1952இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமண்ட் ஆய்வகத்தில் இருந்த புரூஸ் ஹீசனும் மாரிஸ் யூயிங்கும் அந்த நிமிடங்களையும் மைல்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஹீசனுக்கு அப்போது வயது 28. அதிர்ச்சியில் சரிந்த வண்டல் கடல்நீரோடு கலந்து, சுற்றியுள்ள நீரைவிடக் கனத்த சேற்று வெள்ளமாகி, சரிவில் இறங்கி ஓடியிருக்கிறது. வழியில் குறுக்கிட்ட கேபிள்களை ஒவ்வொன்றாக அறுத்திருக்கிறது என்றார்கள். செங்குத்தான பகுதியில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் என்பது அவர்கள் கணக்கு. பின்னாளைய ஆய்வுகள் அதை 70 அளவுக்குக் குறைத்தன. அதுவும் சாமானிய வேகமல்ல. பலர் நம்ப மறுத்தார்கள். பிறகு தெற்கே ஆழ்கடல் சமவெளியில் குழாய் இறக்கி மண்ணெடுத்தபோது, கீழே பருமனாகவும் மேலே போகப் போக நைஸாகவும் படிந்த வண்டல் அடுக்கு கிடைத்தது. ஓடிவந்த வெள்ளம் மெல்ல நின்றால் மண் படியும் முறை அதுதான். நகர்ந்த வண்டல் ஏறத்தாழ 200 கன கிலோமீட்டர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

நிலம் அதிர்ந்த அந்த இடத்தில் நிலத்தட்டுகளின் எல்லை கிடையாது. அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரிந்த காலத்துப் பழைய பிளவுகள் உண்டு. அவற்றின் மேல், பனியுகத்துப் பனியாறுகள் லாரன்ஷியன் கால்வாய் வழியே கொண்டுவந்து கொட்டிய வண்டல் குவியல் குவியலாகக் கிடக்கிறது. 7.2 அளவு நிலநடுக்கம் தனியாக 13 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுவது கடினம். வண்டல் சரிந்ததே சுனாமிக்கு முக்கியக் காரணம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

நம் கரைகளைச் சுனாமி தாக்கி இரண்டாண்டு நிறைந்த 2006 டிசம்பர் 26 அன்று தைவானின் தெற்கே நிலம் அதிர்ந்தது. கடலடிப் பள்ளத்தாக்கு வழியாக இதே போன்ற சேற்று வெள்ளம் இறங்கி ஒன்பது கேபிள்களை ஒவ்வொன்றாக அறுத்தது. இந்த முறை அறுந்தவை கண்ணாடி இழைக் கேபிள்கள். கிழக்காசியாவின் இணையமும் தொலைபேசியும் தடுமாறின. பழுதுபார்க்க வாரக்கணக்கில் ஆயிற்று.

நிலத்தட்டு எல்லை தொலைவில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எந்தக் கரையையும் பத்திரமானது என்று முடிவுகட்டக் கூடாது. புரின் மக்களுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தும் அது எதற்கான அவகாசம் என்று சொல்ல ஆளில்லை. கடலோரத்தில் இருக்கும்போது நிலம் ஆடினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, சைரனுக்காகக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். முதல் அலை போனதும் இறங்கி வந்துவிடாதீர்கள். அன்று வந்தவை மூன்று.