நாஞ்சிலும் நங்கூரமும்

ஸ்ரீமுஷ்ணத்தில் கடல் இல்லை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்குத் தென்கிழக்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. ஆனாலும் அந்த ஊர்ப் பெருமாள் ஆண்டுதோறும் மாசி மகத்துக்குக் கடலைத் தேடிப் போகிறார். பூவராகர் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்கு எழுந்தருளி, முழுக்குத்துறையில் தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார். கிள்ளை தர்காவில் இஸ்லாமியர்கள் அவரை வரவேற்று மரியாதை செய்கிறார்கள். பெருமாளின் தீர்த்தத்தால் நோய் தீர்ந்த நவாப் ஒருவர் நிலம் எழுதிவைத்தார் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை.

கடலில் மூழ்கிய நிலத்தைக் கொம்பால் தூக்கி வந்தவர் வராகர். அவர் நீராடும் கரையில், நிலத்தைக் குத்திப் பிடிப்பதற்காகவே கடலில் எறியப்படும் இரும்புக் கொம்புகள் படகுக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. முடசல்ஓடையிலோ அன்னங்கோயிலிலோ நிற்கும் ஃபைபர் படகின் அணியத்தில் பாருங்கள். கை நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய். அதன் ஒரு முனையில் கட்டடக் கம்பியை வளைத்து நான்கு கொக்கிகளாகப் பற்றவைத்திருப்பார்கள். மறுமுனையில் வளையம், வளையத்தில் ஒரு துண்டுச் சங்கிலி, அதற்குப் பின்னால் கயிறு. தண்டு துருவேறிக் கருஞ்சிவப்பாக இருக்கும். கொக்கிகளின் நுனி மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். நுனி வெளுத்திருந்தால் அந்த நங்கூரம் தரையைக் கிழித்து வேலை செய்கிறது என்று பொருள். உடம்பெல்லாம் ஒரே துருவாக இருந்தால் அது வெறும் பாரமாகத்தான் கடலுக்குள் போய்வருகிறது.

நங்கூரம் என்ற சொல் தமிழில் நன்றாக ஊறிவிட்டது. விவிலியத் தமிழில் அது நம்பிக்கையின் உருவகம். செய்தித்தாள்களில் கப்பல்கள் நாள்தோறும் நங்கூரமிடுகின்றன. ஆனால் 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் அதைப் பாரசீக 'லங்கர்' என்ற சொல்லோடு சேர்க்கிறது. ஹிந்தியிலும் லங்கர்தான். தெலுங்கிலும் கன்னடத்திலும் லங்கரு. மலையாளத்தில் நம்மைப் போலவே நங்கூரம். சிங்களத்திலும் நகரத்தில் தொடங்கும் வடிவம். வட இந்தியத் தர்காக்களிலும் குருத்வாராக்களிலும் எல்லோருக்கும் சோறிடும் லங்கரும் இதே சொல்தான். பாரசீக அகராதிகள் கப்பலை நிறுத்தும் கருவியையும் வழிப்போக்கருக்கு அன்னமிடும் இடத்தையும் ஒரே தலைப்பில் தருகின்றன.

லகரத்தில் சொல் தொடங்குவது தமிழ் மரபு அல்ல. அப்படி ஒன்று வந்தால் இலங்கை, உலோகம் என்று ஓர் உயிரெழுத்தை முன்னே நிறுத்துவோம். லங்கருக்கு அது நடக்கவில்லை. லகரம் போய் நகரம் வந்தது. இதைத் தற்செயலான திரிபு என்று நான் கடந்துபோக மாட்டேன். மேற்குக் கரையில் மராத்தியில் 'நாங்கர்' என்ற சொல் இருக்கிறது. அதற்கு நங்கூரம் என்று பொருள். கலப்பை என்றும் பொருள். கொங்கணக் கரைப் படகோட்டி கடலில் போடுவதும் மேட்டில் அவன் உறவினன் ஏரில் பூட்டுவதும் ஒரே பெயருள்ள கருவி.

கலப்பைக்குச் சமஸ்கிருதம் லாங்கலம் என்கிறது. ரிக் வேதத்திலேயே அந்தச் சொல் உண்டு. தமிழில் நாஞ்சில், ஞாஞ்சில். தெலுங்கில் நாகலி, கன்னடத்தில் நேகிலு. மலாய் மொழியில் தெங்காலா. இத்தனை மொழிகளில் பரவிக் கிடக்கும் இந்தச் சொல் வேத மொழிக்கு வெளியிலிருந்து வந்தது என்று சொல்லும் மொழியியலாளர் பலர். உழவு கற்றுக்கொடுத்த மக்கள் கருவியின் பெயரையும் சேர்த்தே கொடுத்திருப்பார்கள் என்பது நியாயமான எண்ணம். பாரசீக லங்கரை இந்த லாங்கலத்தோடு சேர்ப்பவர்களும் உண்டு, கிரேக்க 'அங்கூரா'வோடு சேர்ப்பவர்களும் உண்டு. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும், இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்த இடத்தில் நங்கூரமும் நாஞ்சிலும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன. நம்முடைய நகரமும் அந்தப் பக்கத்துக் காற்றில் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சான்றைத் தமிழே வைத்திருக்கிறது. நாம் நங்கூரத்தைப் போடுகிறோம், இறக்குகிறோம்; அதற்கும் மேலே, நங்கூரம் 'பாய்ச்சுகிறோம்'. வேலைப் பாய்ச்சுவோம், கத்தியைப் பாய்ச்சுவோம். குத்தி உள்ளே செலுத்துகிற எதற்கும் உரிய வினை அது. கல்லையோ மூட்டையையோ யாரும் பாய்ச்சுவதில்லை. இந்த வினையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நங்கூரத்தின் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்.

கல் என்று சொன்னதும் பழைய கதை வந்துவிடுகிறது. லங்கர் வருவதற்கு முன் நம்மிடம் கப்பலை நிறுத்தக் கருவி இல்லையா? இருந்தது. அதன் பெயர் கல். மதுரைக்காஞ்சியில் சூறைக்காற்றில் சிக்கிய நாவாய் ஒன்று வருகிறது. கயிறு அறுகிறது, பாய் கிழிகிறது, பாய்மரம் முறிகிறது, கப்பல் கல்லோடு போராடிச் சுழலில் அலைகிறது. அந்தக் கல்லை நங்கூரக்கல் என்று கொள்கிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். கழிமுகத்தின் ஆழமில்லாத நீரில் அதுவும் தேவைப்படவில்லை. உப்பு விற்று நெல்லோடு திரும்பிய படகுகள் லாயத்துக் குதிரைகளைப் போலத் தறிகளில் கட்டப்பட்டு நின்றதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பிச்சாவரத்து உப்பங்கழியில் படகைக் கட்டி நிறுத்த இன்றைக்கும் ஒரு கழி போதும். கட்டுமரத்துக்கோ அந்தக் கவலையே குறைவு. வேலை முடிந்ததும் கரையில் ஏற்றிக் கட்டைகளைப் பிரித்துப் போட்டுவிடலாம்.

ஆழ்கடலில் நின்று பிழைக்கும் பெரிய கப்பல்களோடு வேறு சொற்கள் வந்தன. சுக்கான் அரபிச் சொல். மாலுமி, அரபி 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தவர். வெள்ளாற்று முகத்தில் கிள்ளைக்கு எதிரே இருக்கும் பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்று ஒரு பெயர். பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். வள்ளம், தோணி, ஓடம், துடுப்பு, பாய், அணியம் எல்லாம் நம்முடையவை. திசைதிருப்பும் கருவியும் நிறுத்தும் கருவியும் கப்பலை நடத்துகிறவரின் பதவியும் முஸ்லிம் கடல்வணிகர்களான மரைக்காயர்களின் கடலிலிருந்து வந்தவை. பதிலுக்கு நாம் கொடுத்ததும் குறைவில்லை: கட்டுமரம் உலகமெல்லாம் போனது, கயிறு மலையாளக் கரை வழியாகப் போர்த்துகீசியரிடம் 'கைரோ' ஆகி, ஆங்கிலத்தில் 'காயர்' ஆனது.

இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கடலடியிலேயே பார்க்கலாம். துவாரகை, சோமநாதபுரம் கடலில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் கல் நங்கூரங்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். சில வெறும் வளையக் கற்கள். பாரம் மட்டுமே அவற்றின் பலம். சில முக்கோணப் பலகைக் கற்கள். அவற்றின் மேலே கயிற்றுக்கு ஒரு துளை, கீழே மரக்கொம்புகளைச் செருக இரண்டு துளைகள். இந்தோ-அரபு வகை என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட இன்னொன்று நீண்ட தூண் போன்ற கல். அதன் அடிப்பகுதியில் இரண்டு சதுரத் துளைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகின்றன. கட்டைகளைச் செருகினால் நான்கு பக்கமும் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். முடசல்ஓடைப் படகில் கிடக்கும் நாலு கொக்கி நங்கூரத்தின் மூதாதை அதுதான். கல்லுக்குப் பதில் குழாய், கட்டைக்குப் பதில் கம்பி.

படகுக்கு நங்கூரம் வாங்கப் போகிறவர் முதலில் எடையைத்தான் கேட்கிறார். அதில்தான் கோளாறு தொடங்குகிறது. இரும்பு தண்ணீருக்குள் தன் எடையில் எட்டில் ஒரு பங்கை இழக்கிறது. கல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறது. பாரத்தை நம்பி ஒரு படகை நிறுத்த வேண்டுமானால் இரண்டு ஆள் தூக்க முடியாத கல் வேண்டும். மண்ணுக்குள் புதையும் நங்கூரமோ தன் எடையைப் போலப் பல மடங்கு இழுவையைத் தாங்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி உங்கள் கடலின் தரை என்ன என்பதுதான். பாம்பன், மண்டபம் பக்கத்துக் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில் நாலு கொக்கி கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு நன்றாக நிற்கும். வெள்ளாற்று முகத்தில் அப்படி இல்லை. அங்கே ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும். நான்கு கம்பிகளில் ஒன்றோ இரண்டோதான் தரையைத் தொடும். அந்த மெல்லிய கம்பி சேற்றைக் கோடு கிழித்துக்கொண்டே வரும். நீவாடு என்னும் நீரோட்டம் பலத்தால் படகு நகர்ந்துவிடும். சேற்றுக்கும் மணலுக்கும் அகன்ற அலகு வேண்டும்.

அகன்ற அலகுள்ள நங்கூரத்தில் இரண்டு வகை நம் சிறு படகுகளுக்குப் பொருந்தும். ஒன்று டான்ஃபோர்த்: கீலில் ஆடும் இரண்டு தட்டையான அலகுகள், மடக்கிப் படகின் அடியில் கிடத்திவிடலாம். அமெரிக்கரான ரிச்சர்ட் டான்ஃபோர்த் உருவாக்கிய இதை இரண்டாம் உலகப் போரில் கரையேறும் படகுகள் சுமந்தன. எடை குறைவு, மணலில் பிடி அதிகம். காற்றுத் திரும்பிப் படகு எதிர்ப்பக்கம் சுழன்றால் மட்டும் சில நேரம் பிடுங்கிக்கொண்டு மறுபடி பிடிக்கத் தாமதிக்கும். மற்றது 1933-இல் ஜெஃப்ரி இங்க்ரம் டெய்லர் வடிவமைத்தது. பாய்மங்களின் இயக்கத்தை ஆராய்ந்த பெரிய பிரிட்டிஷ் இயற்பியலாளர்; சிறு பாய்ப்படகில் கடலோடியவர். பழைய நங்கூரங்கள் தேவைக்கு அதிகமாகக் கனக்கின்றன என்று கண்டு, அவர் செய்த நங்கூரம் அச்சாக ஒரு கலப்பை. இரு பக்கமும் சரிந்த அலகு, முன்னே கூர்நுனி, பின்னே கீல். இழுக்க இழுக்க உழுதுகொண்டு உள்ளே போகும். கப்பல்காரர்கள் அதைக் கலப்பை நங்கூரம் என்றே அழைக்கிறார்கள். மராத்தியர் நாங்கர் என்று சொல்லிவந்ததை டெய்லர் கணக்குப் போட்டு இரும்பில் வார்த்தார் என்றால் மிகையில்லை.

பன்றி உருவான ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாளும் நாஞ்சிலுக்கு அந்நியர் அல்லர். காட்டுப்பன்றி கிழங்குக்காகக் கிளறிய மண்ணைப் புறநானூற்றின் 168ஆம் பாட்டு 'உழுத' புழுதி என்றே சொல்கிறது. குறவர்கள் அதில் ஏர் பூட்டாமலே தினை விதைக்கிறார்கள். கொம்பும் நாஞ்சிலும் ஒரே வேலையைச் செய்வதைத் தமிழ்ப் புலவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

எவ்வளவு நல்ல அலகானாலும் இழுவை மேல்நோக்கி இருந்தால் புதையாது. இங்கேதான் சங்கிலி வருகிறது. சங்கிலி என்ற சொல்லும் வந்தேறிய சொல்தான். சமஸ்கிருத 'சிருங்கலா' பிராகிருத வாய்களில் மெலிந்து நம்மிடம் சேர்ந்தது. நம்முடைய பழஞ்சொல் தொடர். சோழனின் சிறையில் தண்ணீர் கேட்டுக் காத்திருந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, தன்னைத் தொடரில் கட்டிய நாயாக நினைத்து நொந்த பாட்டில் (புறநானூறு 74) அந்தச் சொல் நிற்கிறது. சொற்றொடரில் இருப்பதும் அதே தொடர்தான். நாயைக் கட்டும் வேலையைச் சங்கிலிக்குக் கொடுத்துவிட்டு, தொடரை நாம் இலக்கணத்துக்கு வைத்துக்கொண்டோம்.

கப்பலில் நங்கூரத்துக்கு இரும்புச் சங்கிலி பரவலாக வந்தது அண்மையில்தான். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சாமுவேல் பிரவுன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சோதித்துக் காட்டும்வரை, கப்பல்கள் பெரும்பாலும் சணல், தென்னை போன்ற நார்க்கயிறுகளைத்தான் நம்பியிருந்தன.

சங்கிலியின் பலம் வேறு, அதன் வேலை வேறு. நைலான் கயிறும் பலமானதுதான். சங்கிலி தன் கனத்தால் தரையோடு படிந்து கிடக்கிறது. அலை படகைத் தூக்கும்போது சங்கிலியின் தொய்வு முதலில் நிமிர்கிறது. அதற்குள் அலை கடந்துவிடும். நங்கூரத்துக்குப் போய்ச் சேரும் இழுவை கிடைமட்டமாகவே இருக்கும். 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ. படகின் நீளத்துக்குக் குறையாமல் சங்கிலி போட்டு, மிச்சத்துக்கு நைலான் கயிறு இணைப்பது சிறு படகுக்கு ஏற்ற வழி. நைலான் ரப்பரைப் போல நீண்டு சுருங்குவதால் திடீர் இழுப்பை விழுங்கும். கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பாலிபுரொப்பிலின் கயிற்றை வாங்க வேண்டாம். அது மிதக்கும், தொய்வாக விட்டால் பக்கத்துப் படகின் புரொப்பெல்லரில் போய்ச் சுற்றும்.

விட வேண்டிய நீளத்தைப் பலர் குறைத்துவிடுகிறார்கள். ஆழத்தை அளந்தவுடன் அணியத்தின் உயரத்தையும் கூட்ட வேண்டும். 5 மீட்டர் ஆழம், 1 மீட்டர் அணியம் என்றால் 6. முழுக்கச் சங்கிலி என்றால் அதைப்போல 5 மடங்கு, 30 மீட்டர். கயிறும் சங்கிலியும் சேர்ந்தது என்றால் 7 மடங்கு, 42 மீட்டர். ஓதம் ஏறும் நேரமானால் ஏறப்போகும் நீரையும் சேர்த்துத்தான் கணக்கு.

சங்கிலியையும் நங்கூரத்தையும் இணைக்கும் ஷேக்கிள்தான் இந்த முழு அமைப்பிலும் சின்னது. அதன் திருகாணி கழன்றால் எல்லாம் போயிற்று. ஆணியின் கண்ணில் கம்பி கோத்து முறுக்கிவிட வேண்டும். பார் உள்ள கடலுக்கு நாலு கொக்கியோடு போகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். சங்கிலியை வளையத்தில் பூட்டாமல் கொக்கிகள் சேரும் அடிப்பக்கத்தில் பூட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, வளையத்தில் மெல்லிய சணலால் கட்டிவிடுவது. நங்கூரம் கல்லில் சிக்கிக்கொண்டால் பலமாக இழுக்கும்போது சணல் அறும், கொக்கி பின்புறமாகக் கழன்று வரும். அந்த நங்கூரத்தை நம்பி இரவில் கண்ணயரக் கூடாது. பகலில் தூண்டில் போட்டு மீன்பிடிக்க மட்டும் அது போதும்.