குச்சி வேர் விட்ட கதை

திருப்பூர் என்றால் பனியன், பனியன் என்றால் பருத்தி. ஆனால் அதே மாவட்டத்தின் தெற்கே உள்ள உடுமலைப்பேட்டை பட்டுக்கூட்டுக்குப் பேர்போன ஊர்! (2009 வரை உடுமலை கோவை மாவட்டத்தில்தான் இருந்தது.) பட்டுப்புழுவுக்குத் தீனி மல்பெரி இலை. மல்பெரியை விதை போட்டு வளர்த்தால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. அதனால் குச்சியை வெட்டி நடுகிறார்கள்.

எந்தக் குச்சி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 3 அடிக்கு 3 அடி நட்டால் ஏக்கருக்கு 4,840 செடி. நூற்றுக்குப் பத்து வேர் விடாமல் போனால் 484 இடம் காலி. தோட்டமோ பத்துப் பதினைந்து ஆண்டு நிற்கக்கூடியது. பிறகு பாடுவாசி நட்டாலும், வளர்ந்த செடிகளின் நிழலில் அது சீக்கிரம் தேறாது.

ஆகவே 6 முதல் 8 மாதம் முதிர்ந்த கிளையாகப் பார்த்து, இளசான நுனியையும் தடித்த அடியையும் கழித்துவிட்டு, பென்சில் கனமுள்ள நடுப்பகுதியை 3, 4 பருக்களோடு நறுக்குவது வழக்கம். நடும்வரை ஈரச்சாக்கு போட்டு நிழலில் வைப்பார்கள். வேர் இல்லாத குச்சி வெயிலில் இழந்த நீரை எப்படித் திரும்ப எடுக்கும்?

இதற்கான விளக்கம் எங்கிருந்தோ வந்தது. 1880ல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளையின் நுனியை மூடிப் பார்த்தார்கள். நுனியை மூடியதும் முளை வெளிச்சத்தை நோக்கி வளைவது நின்றுபோனது. நுனியிலிருந்து ஏதோ கீழே இறங்குகிறது! 1928ல் டச்சுக்காரரான பிரிட்ஸ் வெண்ட் அதை அகார் துண்டில் பிடித்துக் காட்டினார். அதுதான் ஆக்சின். வெளிச்சம் ஒரு பக்கம் பட்டால் அது நிழல் பக்கம் ஒதுங்குகிறது. அந்தப் பக்கம் அதிகம் வளர்வதால் முளை வளைகிறது. 1934ல் இண்டோல் அசிட்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? மனித சிறுநீரிலிருந்து! வெட்டிய தண்டில் வேரைத் தூண்டுவதும் அதே பொருள்தான் என்பது அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது.

பருவில் ஊறும் ஆக்சின் கீழே இறங்கி, மண்ணின் இருட்டில் இருக்கும் அடிமுனையில் சேர்கிறது. அங்கே வேர் கிளம்புகிறது. பரு மேல்நோக்கி இருக்கும்படி நடச் சொல்வது இதனால்தான். வேர் வளர ஆகும் மாவுச்சத்து, முதிர்ந்த குச்சியில் இருக்கிறது, நுனியில் போதாது.

குச்சி சரியாக இருந்தாலும் ரகம் ஒத்துழைக்க வேண்டும். இலைத் தரத்தில் எஸ்-36 உசத்தி, ஆனால் பாதிக் குச்சிகள்தான் வேர் விடும். மைசூர் ஆராய்ச்சி நிலையம் 1997ல் தந்த வி-1 நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடிக்கிறது. உடுமலைத் தோட்டங்களில் வி-1 பரவியதில் இலை விளைச்சலுக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு இந்த வேருக்கும் உண்டு.