கட்டுப்பாட்டுக் காலத்து யாழ்ப்பாணம்

எம் மன்றத்துப் பெரியோர் கூடியிருக்கும் வேளையில் 1970ஆம் ஆண்டுக்கும் 1977ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இருவகை விடைகள் வருவதை நாம் கவனித்திருக்கிறோம். "பாணுக்கு விடியற்புறம் கியூவில் நின்ற காலம்" என்பார் ஒருவர். "கமக்காரன் நிமிர்ந்து நடந்த காலம்" என்பார் அவருக்கு அருகில் இருப்பவர். இருவரும் ஒரே ஊரார். ஒரே ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்கள். அரசாங்கம் அன்றாட வாழ்வில் அளவுக்கு மீறிக் கைவைத்தால் வாழ்வு கெடுமா என்னும் கேள்விக்கு, பிறநாட்டு நூல்களைப் புரட்டுமுன், இவ்விருவர் சொல்லையும் வைத்து ஆராய்வது தகும் என்று எண்ணுகிறோம்.

சாமான்களுக்குக் கட்டுப்பாடு என்பது 1970இல் முளைத்ததன்று. இரண்டாவது உலக யுத்த காலத்தில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. யுத்தம் முடிந்த பின்னும் அது போகவில்லை. பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதால் 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி பெரும் ஹர்த்தால் நடந்தது. அதே ஆண்டிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். மலிவரிசி தந்த கட்டுப்பாட்டை மக்கள் வெறுக்கவில்லை, அதைத் தளர்த்த முனைந்ததையே வெறுத்தார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

1970 மே மாதத்தில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தபோது அந்நியச் செலாவணி அருகியிருந்தது. இறக்குமதி இறுக்கப்பட்டது. 1973இல் எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் தானிய விலையும் ஏறவே கட்டு மேலும் இறுகிற்று. சங்கக்கடையில் அரிசி, சீனி, மா, புடைவை எல்லாம் அளவோடுதான். நாடெங்கும் மரவள்ளிக் கிழங்கு சோற்றுக்குப் பதிலாயிற்று. ஒடியற் பிட்டும் கூழும் பழகிய எம்மவர்க்கு இது அத்தனை புதுமையன்று என்று பெரியோர் சிரிப்பதுண்டு.

ஆனால் அதே கட்டுப்பாடு செம்மண் தோட்டங்களில் வேறு முகம் காட்டியது. வெளிநாட்டிலிருந்து செத்தல் மிளகாயும் வெண்காயமும் உருளைக்கிழங்கும் வருவது நின்றதும், கொழும்புச் சந்தை யாழ்ப்பாணத்து லொறியை எதிர்பார்த்து நின்றது. கோப்பாய், உரும்பிராய், இணுவில், புன்னாலைக்கட்டுவன் எங்கும் துலா மிதித்த கிணறுகளில் இறைப்பு மிஷின் இரைந்தது. 1960களில் தொடங்கிய முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய குடியேற்றத் திட்டங்களுக்குப் படித்த வாலிபர்களும் போனார்கள். உத்தியோகம் கிடையாத காலத்தில் மிளகாய்ச் செடியே அவர்களுக்கு உத்தியோகம் கொடுத்தது. ஓலை வீடு கல்வீடானதும், தங்கைக்குச் சீதனம் சேர்ந்ததும் மிளகாய்க் காசிலே என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. மறுபக்கம், அந்த மிளகாயைக் கொழும்பில் விலை கொடுத்து வாங்கிய கூலியாளனின் சட்டி எப்படிக் கொதித்தது என்பதை நாம் மறப்பது நியாயமன்று. ஒருவன் கல்வீட்டுக்கு இன்னொருவன் கறிச்சட்டி பணம் கொடுத்தது.

தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் வரவு மட்டுப்படுத்தப்பட்டதும் இக்காலத்திலேதான். வாசகர்கள் முணுமுணுத்தார்கள். ஆயினும் வீரகேசரிப் பிரசுரங்கள் வீடு வீடாகப் புகுந்தன; செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' அவ்வாறு வந்ததே. டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' 1966இலேயே தொடங்கியது எனினும், உள்ளூர் எழுத்துக்கு ஒரு காற்று வீசியது அப்பொழுது.

தரப்படுத்தலும் அவ்வாட்சியின் செயலே. பல்கலைக்கழக வாசலில் எம்மவர் பட்ட அந்தக் காயம் தனிக் கட்டுரைக்குரியது.

மக்கள் உண்மையாகவே பொறுக்க மாட்டாதது அரிசித் தடையே என்பது எமது அபிப்பிராயம். நெற் சந்தைப்படுத்தும் சபை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. பின்னர் தனியார் அரிசி கொண்டுசெல்வது தடுக்கப்பட்டுத் தெருக்களில் காவற்றடைகள் எழுந்தன. சிங்களத்தில் அதற்கு 'ஹால் பொல்ல' என்று பெயரே ஏற்பட்டுவிட்டது. தன் வயலில் தான் விளைவித்த அரிசியை மகள் வீட்டுக்குக் கொண்டுபோன கிழவனும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையை அவிழ்த்துக் காட்டவேண்டும். துறைமுகத்தில் நின்ற கட்டுப்பாட்டைப் பலர் பொறுத்தார்கள்; அது பனையோலைப் பைக்குள் கைவிட்டபோது பொறுக்கவில்லை. மிஷன் பாடசாலையில் நாம் கேட்ட கதையில், எகிப்திலே யோசேப்பு பஞ்சத்துக்கு முன் தானியத்தைக் களஞ்சியப்படுத்தி உயிர்களைக் காத்தான். அக்கதையின் பின்பகுதியை ஆசிரியர்கள் விரைவாகக் கடந்து போவார்கள்: ஈற்றில் குடிகளின் ஆடுமாடும் நிலமும் பார்வோனுக்காயின.

1977 யூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐப் பெற்றது. தெற்கிலே கியூவும் ஹால் பொல்லவும் அதற்கு வாக்குச் சேர்த்தன. வடக்கிலே தேர்தல் வேறு கேள்வியின்மேல் நடந்தது. அவ்வாண்டு நவம்பர் வரவு செலவுத் திட்டத்தோடு இறக்குமதிக் கதவு திறந்தது. கடைகள் நிறைந்தன. கப்பலில் மிளகாயும் வெண்காயமும் வந்திறங்க, எமது தோட்டங்களின் விலை விழுந்தது. கதவைத் திறந்தது பிழையென்று நாம் சொல்லவில்லை. ஏழாண்டு மூடிய கதவை நம்பி மிஷினும் மருந்தும் கடனும் வாங்கியவனுக்கு ஒரு போகத் தவணைகூடக் கொடாமல் திறந்ததே பிழை. 1990களில் சவர்க்காரமும் பற்றரியும் மண்ணெண்ணெயும் தடுக்கப்பட்டதையோ நாம் கட்டுப்பாடு என்று எழுதமாட்டோம், அது முற்றுகை.

எமது பராயத்தார் இவற்றை ஏட்டில் மாத்திரம் படித்தவர்களல்லர். 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்த அரசாங்கம் சடுதியாகத் தீர்மானித்தது. நவம்பரில் அத்தடை நீங்கியது. இடையில் வாடிய பயிருக்கு அத்தீர்மானம் உதவவில்லை. 1977இல் கதவு சடுதியாகத் திறந்தது, 2021இல் சடுதியாக மூடியது. இரண்டிலும் கமக்காரனை எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

மாறாக, 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் கியூ நின்றபோது, யூலையில் வந்த கியூ.ஆர். முறை வாரத்துக்கு இவ்வளவு என்று வகுத்தது. கட்டுப்பாடு கூடியது, கியூ குறைந்தது. அன்று எமது அம்மப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அடிக்கப் போனோம். கைத்தொலைபேசியிலிருந்த அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரத்தை அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இது கூப்பன்தானே, தம்பி?" என்றார்.

"ஓம், அம்மப்பா."

"அப்ப கவனமாய் வைச்சிரு. எங்கட காலத்தில அதைத் துலைச்சால் கொம்மம்மா வீட்டுக்குள்ள விடமாட்டா."